கூடாரமும் கம்பி வேலியும்

'முகாம்' என்னும் சொல் அரபு மொழியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது. அது வருவதற்கு நெடுங்காலம் முன்னரே தமிழில் பாசறை இருந்தது, பாடி இருந்தது, கட்டூர் இருந்தது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, 103 அடிகளே கொண்ட தன் சிற்றளவுக்குள் காட்டை அழித்து அமைத்த ஒரு பாசறையை முழுமையாகக் காட்டிவிடுகிறது. யானைப்பாகர், நாழிகை அளந்து சொல்வோர், காவல் நிற்கும் யவனர் ஆகிய அனைவருக்கும் நடுவே, புண்பட்ட யானைகளையும் மாண்ட மறவரையும் எண்ணி உறங்காதிருக்கும் அரசன் ஒருவன். அங்கே பாசறை, இங்கே அவனுக்காகக் காத்திருக்கும் மனை. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவுதான் அப்பாட்டின் பொருள். முகாமைப் பற்றி எழுதப்பட்ட நூல் எதுவாயினும் அதனை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். முகாமில் இருப்பவனுக்கு வீடு எங்கே இருக்கிறது? அவன் அங்கே திரும்ப இயலுமா?

இன்று பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் பிள்ளை ஒன்றிடம் முகாம் என்றால் என்ன என்று வினவினால், சீருடை இயக்கத்தின் இரண்டு நாள் முகாமையோ, தேர்வுக்கு முந்திய தன்முனைப்பு முகாமையோ அது சொல்லும். தேசிய மொழியில் அதற்குப் 'பெர்கேமாஹான்' என்ற சொல்லும் தெரியும். இதே பிள்ளையின் கொள்ளுப்பாட்டனைக் கேட்டிருந்தால் முகாம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் கிடைத்திருக்கும். ஒரு சொல்லுக்குள் இரண்டு உலகங்கள் அடங்கிக் கிடக்கின்றன. சிறுவர் நூல்களும் அவ்வாறே இரண்டு அடுக்குகளாக நிற்கின்றன. ஒன்றில் கூடாரம், மற்றொன்றில் கம்பி வேலி. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் முயற்சி தமிழ்த் திறனாய்வில் அரிதாகவே நிகழ்ந்துள்ளது.

கூடார அடுக்கை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் சில சிறுவரைக் கூட்டி ஒரு முகாம் நடத்தினார். மறு ஆண்டு அவருடைய 'சிறுவர்க்கான சாரணியம்' வெளிவந்தது. அதே 1908இல் சாரணியம் மலாயாவிற்குள் நுழைந்தது. அது முதலில் கால் வைத்த இடம் பினாங்கு. சிறுவர் கதையில் முகாம் என்றவுடன் தோன்றும் தீ மூட்டல், கட்டு முடிச்சு, தடம் பார்த்தல், கூட்டுப் பாட்டு ஆகிய அனைத்துக்கும் வேர் அந்நூலில் உள்ளது. ஆனால் அந்நூலாசிரியர் புகழ்பெற்றது தென்னாப்பிரிக்கப் போரின் மாஃபெகிங் முற்றுகையில் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அதே போரின் பிற்பகுதியில், 1900 முதல் 1902 வரை, பிரிட்டிஷ் படை போயர் இனத்துப் பெண்களையும் குழந்தைகளையும் முள்வேலிக்குள் அடைத்தது. அம்முகாம்களில் 26,000க்கும் மேற்பட்டோர் நோயாலும் பசியாலும் மாண்டனர்; அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். கறுப்பின மக்களுக்கென அமைந்த தனி முகாம்களிலும் பல்லாயிரவர் இறந்தனர். குழந்தையை விடுதலை செய்யும் முகாமும் குழந்தையைச் சிறைப்படுத்தும் முகாமும் ஒரே தலைமுறையின் கைகளில் உருவாயின. சாரணர் நூல்களில் இச்செய்திக்கு இடமில்லை.

ஆர்தர் ரான்சம் 1930இல் எழுதிய 'சுவாலோஸ் அண்ட் அமேசன்ஸ்' இவ்வடுக்கின் தலைசிறந்த நூல் எனலாம். நான்கு பிள்ளைகள் ஏரி நடுவே ஒரு தீவில் கூடாரமடிக்கின்றனர். பாறைத் தீவில் முளையடிக்க இயலாது. ஆகவே இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டிக் கூடாரத்தைத் தொங்கவிட்டு, அதன் அடிவிளிம்பில் தைத்த பைகளில் கற்களை நிரப்பி நிறுத்துகின்றனர். அக்கூடாரத்தைத் தைத்துக் கொடுத்தவர் தாய். இச்சிறு செய்தியில் ரான்சத்தின் கலை முழுவதும் விளங்குகிறது. பிள்ளைகள் தனித்திருக்கின்றனர், ஆயினும் தாயின் ஊசி அவர்களைச் சுற்றி நிற்கிறது. வேலை எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் பொறுமையாகச் சொல்வதால், படிக்கும் பிள்ளைக்குத் தானும் செய்யலாம் என்ற துணிவு பிறக்கிறது.

மலேசியப் பள்ளி நூலகங்களில் ரான்சத்தைவிடப் பன்மடங்கு வாசிக்கப்பட்டவர் எனிட் பிளைட்டன். அவருடைய 'ஃபைவ் கோ ஆஃப் டு கேம்ப்' 1948இல் வெளிவந்தது. ஐவர் குழு ஒரு மேட்டு நிலத்தில் கூடாரமடிக்கிறது. உடன் வரும் பெரியவரோ பூச்சி ஆராய்ச்சியில் மூழ்கிப் பிள்ளைகளை மறந்துவிடும் ஆசிரியர். பக்கத்துப் பண்ணை வீட்டிலிருந்து இறைச்சியும் ரொட்டியும் பழமும் குறைவின்றி வருகின்றன. இரவில், கைவிடப்பட்ட இரயில் பாதையில் ஒரு 'பேய் இரயில்' ஓடுகிறது. கள்ளச்சந்தைக் கூட்டத்தார் வேலை அது எனத் துப்புத் துலங்குகிறது. பிளைட்டனைத் தூற்றுவது திறனாய்வாளரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் நூல்கள் பிள்ளைகளுக்கு வாசிப்பில் வேகத்தைத் தந்தன என்பதை மறுக்க எவராலும் இயலாது. குறை வேறிடத்தில் உள்ளது. பிளைட்டனின் முகாமில் எவருக்கும் வீட்டு நினைவு வருவதில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. வீடு அசையாமல் அங்கேயே இருக்கிறது. ஆகவே அம்முகாமில் அச்சம்கூட ஒரு தின்பண்டமாகிவிடுகிறது.

அந்தப் பேய் இரயில் மலேசியத் தமிழ்ப் பிள்ளையின் கைக்கு வரும்போது, எழுதியவர் எண்ணியிராத ஒரு பொருளைப் பெறுகிறது. அப்பிள்ளையின் குடும்ப வரலாற்றில் உண்மையாகவே ஒரு மரண இரயில் உண்டு. அதைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

தமிழில் கூடார முகாம் பெரும்பாலும் கதையாக வளராமல் கட்டுரையாகவே நின்றுவிட்டது என்பது வருந்தத்தக்கது. தேர்வு வழிகாட்டி நூல்களில் 'நான் சென்ற சாரணர் முகாம்' என்ற மாதிரிக் கட்டுரையைக் காணாத ஆசிரியர் இலர். காலை ஐந்து மணிக்கு எழுதல், உடற்பயிற்சி, காட்டில் நடை, இரவில் தீ மூட்டிச் சூழ அமர்தல், ஈற்றில் மறக்க முடியாத அனுபவம். முகாமுக்குச் சென்றிராத பிள்ளையும் இதனை எழுதி முழு மதிப்பெண் பெறலாம். சென்று வந்த பிள்ளையோ தான் கண்டதை விட்டுவிட்டு இதையே எழுதியாக வேண்டும். தெலுக் பாஹாங் காட்டில் அட்டை கடித்த காலையும், மழையில் சரிந்த கூடாரத்தையும், இரவில் தாயை நினைத்து அடக்கிய அழுகையையும் எழுத அக்கட்டுரையில் இடம் ஏது? ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. மாதிரிக் கட்டுரையின் ஆயுளோ அதனினும் நீண்டது. குழந்தைகளுக்காகவே பாடிய முரசு நெடுமாறனும், சிறுவர் மர்ம நாவல்களை எழுதிய கே. பாலமுருகனும் இந்நாட்டுப் பிள்ளையின் பேச்சையும் சூழலையும் எழுத்துக்குக் கொண்டுவந்துள்ளனர். அவ்வழி முகாமையும் எட்ட வேண்டும்.

இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே வைக்கத்தக்க நூல் ஒன்று உண்டு. அது தெத்சுகோ குரோயாநாகி 1981இல் ஜப்பானிய மொழியில் எழுதிய 'டோட்டோ-சான்'. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழில் வந்த அந்நூலை அறியாத தமிழாசிரியர் குறைவு. டோமோயி பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி, பிள்ளைகளைக் கூடாரமடித்துத் தங்கச் சொல்கிறார். காட்டிலன்று, பள்ளியின் மண்டபத்துக்குள்ளேயே. கூரைக்குக் கீழே கூடாரம். மழையில்லை, குளிரில்லை, கூடாரத்தின் இன்பம் மட்டும் உண்டு. முகாம் என்பது இடத்தைச் சார்ந்ததன்று, ஒரு பெரியவர் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அனுமதி என்பதை இவ்வளவு எளிதாகச் சொன்ன அத்தியாயம் அரிது.

ஆயினும் அந்நூலைப் பினாங்கில் அமர்ந்து படிப்பவர் நாட்காட்டியை மறந்துவிட இயலாது. டோட்டோ-சான் டோமோயியில் பயின்ற அவ்வாண்டுகளிலேயே, 1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுனின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அடுத்த வாரத்திலேயே தீவு அவர்கள் கைக்குப் போயிற்று. இதனைக் கொண்டு அந்தச் சிறுமியைக் குறை கூறுவது அறியாமை. நூலாசிரியரோ போரை மறைக்கவில்லை. இரயில் நிலையத்துப் பொறியில் மிட்டாய் வருவது நின்றுவிடுகிறது. பள்ளியின் ஏவலர் படைக்குப் புறப்படுகிறார். இறுதியில் பள்ளியே குண்டு வீச்சில் எரிகிறது. குழந்தை எந்த அளவுக்குப் போரை அறிந்ததோ அந்த அளவுக்கு மட்டுமே நூல் சொல்கிறது. இந்த அளவறிதலே கம்பி வேலி அடுக்கிலுள்ள நூல்களைத் தரம் பிரிக்க உதவும் கருவியாகும்.

அவ்வடுக்கில் முதலிடம் யோஷிகோ உசிதாவுக்கு உரியது. 1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 120,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்கள். பல்கலைக்கழக மாணவியாயிருந்த உசிதாவும் தம் குடும்பத்தோடு முதலில் குதிரைப் பந்தயத் திடலின் கொட்டில் ஒன்றிலும், பின்னர் யூட்டா பாலைவனத்து டோபாஸ் முகாமிலும் வைக்கப்பட்டார். அம்முகாமின் பள்ளியில் அவர் ஆசிரியராகவும் பணியாற்றினார் என்பது ஆசிரியத் தொழிலோர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. 1971இல் வெளிவந்த 'ஜர்னி டு டோபாஸ்' நூலில் யூக்கி என்னும் பதினோரு வயதுச் சிறுமியின் கண்ணில் இவை யாவும் தோன்றுகின்றன. தந்தையைக் காவலர் அழைத்துச் செல்கின்றனர். வளர்த்த நாயைப் பிறரிடம் விட்டுச் செல்ல வேண்டும். குடும்பத்துக்குப் பெயர் போய் எண் வருகிறது. வெள்ளையடித்த கொட்டிலில் குதிரையின் வாடை போகவில்லை. ஆசிரியர் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. ஆனால் கசப்பைத் தவிர்ப்பதும் இல்லை. வேலியருகே சென்ற முதியவர் ஒருவர் காவலன் குண்டுக்கு இரையாவதையும் அந்நூல் சொல்கிறது. அவரே எழுதிய 'தி பிரேஸ்லெட்' என்னும் சிறுகதையில், பிரியும் தோழி கொடுத்த கைவளையைச் சிறுமி முகாமில் தொலைத்துவிடுகிறாள். அவ்வளவே கதை. தொலைந்த ஒரு வளையலைக் கொண்டு, தொலைந்த ஒரு வாழ்க்கையை எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கச் செய்துவிடுகிறார்.

கென் மோச்சிசுகி 1993இல் எழுதிய 'பேஸ்பால் சேவ்டு அஸ்' என்னும் படநூலும் அதே வரலாற்றைச் சொல்வது. பாலைவன முகாமில் ஒரு தந்தை விளையாட்டுத் திடல் அமைக்கிறார். மகன் பந்தடிக்கும்போது கோபுரத்துக் காவலன் பார்த்துக்கொண்டிருக்கிறான். வெற்றியில் முடிவது சற்று எளிதாகிவிட்டது என்ற எண்ணம் எழாமலில்லை. இருப்பினும், முகாமிலும் பிள்ளைகள் விளையாடினர் என்பது வரலாறு. அதைச் சொல்லும் உரிமை அந்நூலுக்கு உண்டு.

இவற்றுக்கு எதிரிடையாக நிற்பது ஜான் பாய்ன் 2006இல் எழுதிய 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்'. உலகெங்கும் விற்பனையாகி, 2008இல் திரைப்படமாகவும் வந்து, பல நாடுகளில் பள்ளிப் பாடமாக வைக்கப்பட்ட நூல். முகாம் தலைவனின் ஒன்பது வயது மகன், வேலிக்கு அப்பாலிருக்கும் யூதச் சிறுவனோடு நாள்தோறும் பேசி நட்புக் கொள்கிறான். இறுதியில் உள்ளே நுழைந்து அவனோடு மாள்கிறான். படிப்பவர் கண்ணீர் விடுவர் என்பதில் ஐயமில்லை. எவருக்காக விடுகின்றனர் என்பதே வினா. கண்ணீர் முகாம் தலைவனின் மகனுக்காகப் பாய்கிறது. உள்ளே இருந்த பிள்ளை அவன் கதைக்குத் துணைப்பாத்திரமாகிறான். அவுஷ்விட்சுக்குக் கொண்டுவரப்பட்ட யூதக் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் வந்திறங்கிய அன்றே கொல்லப்பட்டனர். வேலியோரம் தனித்தமர்ந்து கதை பேச அவர்களுக்கு நாட்கள் கொடுக்கப்படவில்லை. 2020 ஜனவரியில் அவுஷ்விட்சு நினைவு அருங்காட்சியகமே, அவ்வரலாற்றைப் பயில்வோரும் பயிற்றுவிப்போரும் இந்நூலைத் தவிர்க்க வேண்டுமென வெளிப்படையாக அறிவித்தது. குழந்தையின் அறியாமையைக் கோபயாஷியின் பள்ளிச் சிறுமியிடமும் காண்கிறோம், இங்கும் காண்கிறோம். அங்கே அது உண்மை. இங்கே அது ஆசிரியர் செய்த ஏற்பாடு.

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை முகாம் நூல் என்று சிலர் வகைப்படுத்துவர். அது பிழை. கடைசிக் குறிப்பு 1944 ஆகஸ்டு முதல் நாள் எழுதப்பட்டது. நான்காம் நாள் அவர்கள் பிடிபட்டனர். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் அச்சிறுமி இறந்தாள். முகாம் தொடங்கும் இடத்தில் எழுத்து நின்றுவிடுகிறது. முகாமுக்குள்ளிருந்தே குழந்தைகள் படைத்தவற்றைக் காண வேண்டுமானால் தெரெசின் ஓவியங்களுக்குத்தான் செல்ல வேண்டும். ஃபிரீடல் டிக்கர்-பிரான்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை அங்கே பிள்ளைகளுக்கு மறைவாக வரையக் கற்பித்தார். 1944 அக்டோபரில் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்படும் முன் ஏறத்தாழ 4,500 ஓவியங்களை இரண்டு பெட்டிகளில் வைத்துவிட்டுச் சென்றார், திரும்பவில்லை. பின்னர் அவற்றுள் சில, பிள்ளைகளின் கவிதைகளோடு நூலாயின. அவற்றில் வீடுகள் உண்டு, பூக்கள் உண்டு, உணவு பரிமாறிய மேசை உண்டு. முல்லைப்பாட்டின் பாசறை அரசனைப் போலவே அப்பிள்ளைகளும் முகாமிலிருந்து வீட்டை வரைந்தனர்.

இனி, நம் பிள்ளையின் இரயிலுக்கு வருவோம். பர்மாவையும் சயாமையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதன் பொருட்டு நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேரும், அவர்களினும் மிகுதியாக ஆசியத் தொழிலாளரும் கொண்டுசெல்லப்பட்டனர். போர்க்கைதிகளுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் ஏறத்தாழ 90,000 எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அதில் பெரும்பங்கினர். குடும்பத்தோடு சென்றவர்களின் குழந்தைகளும் அம்மூங்கில் கொட்டகைகளில் இருந்தனர். போர்க்கைதிகள் தாயகம் திரும்பி நினைவுக் குறிப்புகள் எழுதினர், உலகம் படித்தது, திரைப்படமும் எடுத்தது. தோட்டத்துத் தமிழரின் நினைவு லயத்து வாசல்களில் பேச்சாக மட்டுமே வாழ்ந்து, பேசியவரோடு மறைந்து வருகிறது.

தமிழ்ப் படைப்பாளர் வாளாவிருந்தனர் என்று கூறலாகாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வெளிவந்தது. அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். தொடர்ந்து 'லங்காட் நதிக்கரை'யில் அவசர காலத்தையும் புதினமாக்கினார். இவை மலேசியத் தமிழ் இலக்கியத்தின் பெருமைக்குரிய நூல்கள். ஆனால் இவை பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் அவற்றின் அளவையும் நடையையும் தாங்க இயலாது. அப்பிள்ளை பிளைட்டனின் பேய் இரயிலை அறியும், அவுஷ்விட்சை அறியும், காஞ்சனபுரியை அறியாது.

இவ்வளவு கொடுமையைக் குழந்தைக்குச் சொல்லலாமா என்று கேட்பவர் உளர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை உசிதாவின் நூலிலேயே இருக்கிறது. வாந்திபேதியில் மாண்டவரை அடுக்கி எரித்த காட்சியை விரித்தெழுத வேண்டியதில்லை. வேலைக்குச் சென்ற தந்தையின் தகரக் குவளை மட்டும் கொட்டகைக்குத் திரும்பி வந்ததை எழுதலாம். கதையைச் சொல்லும் கண் குழந்தையின் கண்ணாக இருக்குமாயின், அளவு தானே அமையும்.

அவசர காலத்து வேலிகளும் அவ்வாறே எழுதப்படக் காத்திருக்கின்றன. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சீனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு வேலியிடப்பட்டன. வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. பசியோடு பால்மரம் வெட்டிய தாயை ஒரு பிள்ளை எவ்வாறு பார்த்திருக்கும்?

அண்மைக் காலத்து முகாம் நூல்களுள் 2020இல் வந்த 'வென் ஸ்டார்ஸ் ஆர் ஸ்கேட்டர்டு' குறிப்பிடத்தக்கது. சோமாலியப் போரில் தாயைப் பிரிந்த உமர் முகமது என்பவர், கென்யாவின் டடாப் அகதி முகாமில் தம் தம்பியோடு வளர்ந்த உண்மைக் கதையை விக்டோரியா ஜேமிசன் என்ற ஓவியரோடு இணைந்து படக்கதையாகத் தந்தார். தம்பி பேசும் சொல் ஒன்றே. அது அவர்கள் மொழியில் 'அம்மா' என்று பொருள்படும் சொல். அந்நூலின் சிறப்பு, காத்திருத்தலைக் கதையாக்கியது. தண்ணீருக்கு வரிசை, உணவுக்கு வரிசை, நேர்காணலுக்குப் பெயர் வருமா என்ற வரிசை. மண்டபம் முகாமை அறிந்த தமிழருக்கு இது புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த அதே இடம், பின்னர் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களுக்கு அகதி முகாமாயிற்று. போனவர் தங்கிய இடத்திலேயே திரும்பியவரும் தங்கினர்.

பினாங்குக்கும் அத்தகையதோர் இடம் உண்டு. பத்து உபான் கரையிலிருந்து நோக்கினால் கண்ணெதிரே தெரியும் ஜெரஜாக் தீவு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொழுநோயாளருக்கும், பின்னர் கப்பலில் வந்திறங்கும் குடியேறிகளுக்கும் தனித்து வைக்கும் இடமாக இருந்தது. 1969 முதல் 1993 வரை அது சிறைச்சாலை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, மேல்தளத்தில் படுத்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பினாங்கு மலையைக் கண்ணால் கண்ட பின்னரும் கரையேற விடப்படாமல் அத்தீவில் நாட்களைக் கழித்தன. இரவில் எதிர்க்கரையின் விளக்குகள் தெரிந்திருக்கும். விட்டு வந்த ஊர் கடலுக்கு அப்பால். போய்ச் சேர வேண்டிய தோட்டம் எதுவென்று தெரியாது. தாயின் மடியிலிருந்து அவ்விளக்குகளைப் பார்த்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எந்தத் திசையை வீடு என்று எண்ணியிருப்பாள் என்பதிலிருந்து ஒரு சிறுவர் நூல் தொடங்கலாம். பாலத்தின் மீது பள்ளிப் பேருந்தில் செல்லும் பிள்ளைகள் இன்றும் அத்தீவைச் சன்னலோரம் பார்த்தபடிதான் முகாமுக்குச் செல்கின்றனர்.